விரல் வைத்த இடம்

"எனக்கு இது ஆகாது மேடம். நான் படிப்பை நிறுத்திக்கிடுதேன்" என்றாள் உலகம்மாள்.

ஜெனிட்டா மேடம் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். ஆற்றி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"ஏன்?"

"ஒண்ணும் புரியல."

"எது?"

"வர்ற வியாழக்கிழமைக்கு நீங்க குடுத்த ஜெராக்ஸ்."

"உக்காருங்க."

உலகம்மாள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கால் வராதோ என்று பயம். பல்கலைக்கழகத்து வரலாற்றுத் துறையில் அது மேடத்தின் அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, தலைக்கு மேலே கடகடவென்று ஒரு மின்விசிறி. அது போடுகிற சத்தத்துக்குப் பாதிக் காற்றாவது வந்திருக்கலாம்.

உலகம்மாளுக்கு நாற்பத்து நாலு வயது. மேடம் அவளைவிடப் பத்து வயது சின்னவர். இருந்தாலும் அந்த அறைக்குள் நுழைந்தாலே உலகம்மாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஆகிவிடுவாள். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அஞ்சல் வழியில் பி.ஏ. எழுதி முதல் வகுப்பில் தேறியவள்தான். தேறிய விதம் அவளுக்கும் கடவுளுக்கும் தெரியும். கைடு ஒன்றை வாங்குவாள், அட்டையிலிருந்து அட்டைவரை நெட்டுருப் போடுவாள், பரீட்சையில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவாள்.

எம்.ஏ. வரலாற்றுக்குக் கைடு கிடையாது. அதைக் கேள்விப்பட்ட அன்றே அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

போதாக்குறைக்கு வியாழக்கிழமை வேறு. நவக்கிரகத்தில் வியாழன் நல்லவர் என்பார்கள். ஜெனிட்டா மேடத்திடம் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வாரம் ஒருவர் முறை. மேடம் ஒரு கட்டுரையின் ஜெராக்ஸை எல்லாருக்கும் கொடுப்பார். முதல் தாளைக் கிழித்துவிட்டுத்தான் கொடுப்பார். எழுதியவர் பெயர் தெரிந்தால் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்துவிடுவார்களாம். முறைக்காரர் கையில் குறிப்பு எதுவும் வைத்துக்கொள்ளாமல் வகுப்பின் முன்னால் நின்று அந்தக் கட்டுரையைப் பேச வேண்டும். பேசாதவருக்கு அகமதிப்பெண் இல்லை. அகமதிப்பெண் இல்லாதவர் பருவத் தேர்வு எழுத முடியாது.

இந்த வியாழன் உலகம்மாளுக்கு.

"எந்த இடம் புரியல?" என்று கேட்டார் மேடம்.

"எல்லா இடமும்தான் மேடம்."

"எல்லா இடமும்னு ஒரு இடம் இல்லையே. விரல் வச்சுக் காட்டுங்க."

உலகம்மாள் ஜெராக்ஸைப் புரட்டினாள். விரலை நீட்டினாள். அது ஒரு பக்கத்தின் மேலே கொஞ்ச நேரம் நின்றது. அடுத்த பக்கத்துக்குப் போனது. எங்கும் இறங்கவில்லை.

"தெரியல மேடம்."

"அப்போ எது புரியலங்கிறதே உங்களுக்கு இன்னும் புரியல. அது தெரிஞ்சதும் வாங்க."

"அது தெரிஞ்சா போதுமா?"

மேடம் காப்பியைக் குடித்தார்.

"மேடம், இந்தப் பயம் எப்பதான் போகும்?"

"உங்களுக்கும் காப்பி சொல்லவா?" என்றார் மேடம்.

*

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றாள் உலகம்மாள். நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் போனாள். சொல்லியும் விட்டாள். ஆனால் அது மேடத்தின் காதில் விழுந்த மாதிரியே இல்லை.

வீட்டில் போய்ச் சொன்னால் நன்றாக விழும். அவள் கணவர் செல்லத்துரை மாவு மில் வைத்திருக்கிறார். எம்.ஏ. படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது அவர் கத்தவில்லை, மறிக்கவில்லை. "போயேன். நீயா வந்துருவ" என்றார். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூட அவளுக்கு மனசு ஆறியிருக்கும். அந்த "நீயா வந்துருவ" என்கிற சொல் தினமும் சாயங்காலம் வாசலில் நின்று அவளை வரவேற்கிறது.

"என்னக்கா, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்று வந்தான் இசக்கிராஜா. கூடப் படிக்கிறவன். வகுப்பிலேயே வாய் ஓயாதவன்.

"இந்தக் கட்டுரை உனக்குப் புரிஞ்சுதா தம்பி?"

"புரியாம என்ன? செம கட்டுரைக்கா. சந்தைங்கிறது ஒரு வெளி. சாலைங்கிறது அதிகாரம். அதிகாரம் வெளியைத் தின்னுருச்சு. முடிஞ்சுது."

"மத்தவங்களுக்கும் புரிஞ்சிருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

அது அவளுக்கும் தெரியும். ஒவ்வொரு வியாழனும் முடியும்போது மேடம் "புரிஞ்சுதா?" என்று கேட்பார். "புரிஞ்சுது மேடம்" என்று வகுப்பு முழுக்க ஒரே குரலில் சொல்லும். வார்த்தை தெரியாத பஜனைப் பாட்டுக்கு உதட்டை அசைப்பது போல உலகம்மாளும் அசைப்பாள். இத்தனை பேருக்கு நடுவில் நான் ஒருத்திதான் மண்டு என்று அப்போது நினைத்துக்கொள்வாள்.

*

கட்டுரை ஒரு மலையடிவாரத்து மாட்டுச் சந்தையைப் பற்றியது. ஒரு காலத்தில் ஓஹோவென்று நடந்த சந்தை எப்படி இல்லாமல் போனது என்று ஆராய்கிறது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் ஒரு வாக்கியம் பெட்டிக்கடையில் ஏறினால் பேருந்து நிலையத்தில்தான் இறங்கும். உலகம்மாள் பாதி வழியிலேயே தூங்கிவிடுவாள்.

திங்கட்கிழமை மறுபடியும் மேடத்தின் அறைக்குப் போனாள். இந்த முறை விரல் வைக்க இடம் வைத்திருந்தாள்.

"இது மேடம். ஊடாட்டம்."

மேடம் அர்த்தம் சொன்னார்.

"இது. நுகர்வெளி."

அதற்கும் சொன்னார். அடுத்ததற்கும் சொன்னார். பிறகு, "இது அகராதி பாக்குற வேலை. புரியாத இடம் இது இல்ல" என்றார்.

"அப்போ எது மேடம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? புரியாதது உங்களுக்கு."

உலகம்மாள் தாள்களை அடுக்கினாள். மின்விசிறி என்றைக்கும் இல்லாத ரோஷத்தோடு ஒரு வீச்சு வீசியது. தாள்கள் சடசடவென்று புரண்டு கடைசிக்கு முந்தின பக்கத்தில் நின்றன. அது பறந்துவிடாமல் இருக்க அவள் கையை வைத்தாள்.

மேடத்தின் டம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

"அந்தப் பக்கத்துலயா?"

"இல்ல மேடம். காத்துல திரும்பிட்டு."

மேடம் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகம் ஒரு மாதிரியாகியிருந்தது. தொந்தரவு தாங்காமல் கோபம் வந்துவிட்டது என்று உலகம்மாள் நினைத்தாள். போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லாமல் வெளியே வந்துவிட்டாள்.

இனி அந்த அறைப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்தாள். தனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

நெட்டுருப் போட ஆரம்பித்தாள்.

*

பேருந்தில் போட்டாள். குக்கர் விசிலுக்கும் விசிலுக்கும் நடுவில் போட்டாள். துணி துவைக்கும்போது ஒரு அடிக்கு ஒரு வாக்கியம் என்று போட்டாள். "என்ன, சாமி கீமி வந்துட்டா?" என்று செல்லத்துரை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை காலையில் கட்டுரை முழுவதும் வாயில் இருந்தது. பல நாளைக்குப் பிறகு அன்று அவளுக்கு இட்லி ருசித்தது. நாளைக்கு எழுந்து நிற்க வேண்டியது, குழாயைத் திறந்துவிட வேண்டியது. புரிந்ததா இல்லையா என்று யார் நெஞ்சைப் பிளந்து பார்க்கப் போகிறார்கள்?

சாயங்காலம் தோசைக்கு மாவு வழித்தபடி இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். உற்சாகத்தில் வேகம் கூடிவிட்டது. நடுவில் சாலையைப் பற்றி வருகிற நீளமான பகுதியை வாய் மறந்து தாண்டிவிட்டது.

"பஞ்சத்திற்குப் பின் வியாபாரிகளின் வரத்து முற்றிலும் நின்று, சந்தைத் திடலில் எருக்கு முளைத்தது..."

அடுத்த மூச்சில் கடைசிக்கு முந்தின பக்கம் வந்துவிட்டது.

"...ஒரு தலைமுறை கழித்து அவ்வழியே சாலை போடப்பட்டது. ஆகவே சந்தையை அழித்தது சாலையே எனலாம்."

மாவு வழித்த கை நின்றது.

மறுபடியும் இரண்டு வாக்கியத்தையும் சொன்னாள். நிதானமாகச் சொன்னாள்.

சந்தை முதலிலேயே நின்றுவிட்டது. சாலை பிறகுதான் வந்தது.

போன வருஷம் செத்த மாட்டை இந்த வருஷம் வந்த லாரி எப்படி அடிக்கும்?

கையைக் கழுவக்கூடத் தோன்றாமல் போய் ஜெராக்ஸை எடுத்தாள். பக்கமெல்லாம் மாவு அப்பியது. நடுவில் எங்கேயாவது விளக்கம் இருக்கும் என்று தேடினாள். சாலைக்கு அளவெடுத்தது இருந்தது. சுங்கம் வாங்கியது இருந்தது. கருங்கல் எங்கிருந்து வந்தது என்பதுகூட இருந்தது. அவள் தேடியது மட்டும் இல்லை.

கட்டுரை தப்பாக இருக்கும் என்று அவளுக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. படித்தவர் எழுதியது, அச்சில் வந்தது, மேடம் கையால் கொடுத்தது. இசக்கிராஜாவுக்குப் புரிந்தது. அப்படியென்றால் தன் மண்டையில்தான் ஏதோ குறைச்சல்.

இதுதான் இடம் என்று தெரிந்துவிட்டது. தெரியாமலேயே இருந்திருக்கலாம். இதுவரை பயம் கட்டுரை முழுக்கப் பரவலாகக் கிடந்தது. இப்போது அத்தனையும் எழுந்துவந்து அந்த "ஆகவே" மேலே உட்கார்ந்துகொண்டது.

தாண்டிவிடலாம் என்று நினைத்தாள். ஒரே ஒரு வார்த்தை. மூச்சோடு மூச்சாகச் சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியாது.

*

வியாழக்கிழமை.

உலகம்மாள் கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். ஜெராக்ஸைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். மேடம் ஓரத்தில் மேசையருகே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். யார் பேசினாலும் அவர் அப்படித்தான் கேட்பார்.

முதல் வாக்கியம் வந்தது. அதன் பின்னாலேயே எல்லாம் வந்தது. வகுப்பு வாயைப் பிளந்தது. ஜெராக்ஸில் விரல் வைத்து ஒத்துப் பார்த்துக்கொண்டு வந்த இசக்கிராஜா, "ஒரு எழுத்துப் பிசகல" என்று பக்கத்தில் இருந்தவனிடம் கிசுகிசுத்தான். பஞ்சம் வந்தது. எருக்கு முளைத்தது. அளவெடுத்தார்கள், சுங்கம் வாங்கினார்கள், கருங்கல் வந்து இறங்கியது.

"...ஒரு தலைமுறை கழித்து அவ்வழியே சாலை போடப்பட்டது."

நின்றது.

வகுப்பு காத்திருந்தது.

அவள் வாயைத் திறந்தாள். வரவில்லை. தொண்டைக்குழிவரை வந்துவிட்டு அந்த வார்த்தை திரும்பிப் போனது.

"ஆகவே" என்று எடுத்துக்கொடுத்தான் இசக்கிராஜா.

அவள் ஜெராக்ஸ் கிடந்த பெஞ்சைப் பார்த்தாள்.

"அக்கா, ஆகவே... ஆகவே சந்தையை..."

மேடம் கண்ணைத் திறந்தார்.

"மறந்துட்டா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். எல்லாருக்கும் மறக்கும். இவ்வளவு சொன்னவளுக்கு மதிப்பெண் போடாமல் இருக்க மாட்டார்கள். சாயங்காலம் பேருந்து ஏறி, வாசலில் நிற்கிற அந்தச் சொல்லைத் தள்ளிவிட்டு வீட்டுக்குள் போய்விடலாம். ஆமாம் என்று சொல்லத்தான் உலகம்மாள் வாயெடுத்தாள்.

"மறக்கல மேடம்."

"பின்னே?"

"புரியல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மேடம் சிரிக்கவில்லை. "எந்த இடம்?" என்றார். குரல் என்னவோ போல இருந்தது.

உலகம்மாள் பெஞ்சில் கிடந்த ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு மேசைவரை நடந்தாள். மாவு காய்ந்து மொடமொடத்த அந்தப் பக்கத்தை விரித்து மேடத்தின் முன்னால் வைத்தாள். விரலை வைத்தாள். விரல் நடுங்கியதில் தாள் சலசலத்தது.

"இங்கன மேடம்."

"சொல்லுங்க."

"சந்தை மொதல்லயே நின்னுட்டு. ரோடு பொறவுதான் வருது. பொறவு வந்தது முன்னால நின்னதை எப்படி நிறுத்தும்? நடுவுல என்னமோ இருக்கும் போல. எனக்குத்தான் பிடிபடல."

மேடம் அந்த வரியையே பார்த்தார்.

"அச்சுப் பிழையா இருக்குமோ மேடம்?"

"இல்ல. அச்சுப் பிழை இல்ல."

மேடம் நிமிர்ந்து வகுப்பைப் பார்த்தார். "உங்களுக்கெல்லாம் புரிஞ்சுதா?"

எப்போதும் வருகிற அந்த ஒரே குரல் வரவில்லை. ஜெராக்ஸ்கள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. இசக்கிராஜா குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தான். அவன் போட்டிருந்தது செருப்பு.

போச்சு என்று நினைத்தாள் உலகம்மாள். என்னால் எல்லாருக்கும் திட்டு. இனி யார் முகத்தில் விழிப்பது? பேருந்து எத்தனை மணிக்கு என்று யோசித்தாள்.

"இதை எழுதினது நான்" என்றார் ஜெனிட்டா மேடம்.

உலகம்மாள் மறுகையால் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் பட்டம் வாங்கினவரின் ஆராய்ச்சியை, அவர் முகத்துக்கு நேரே, இத்தனை பேர் முன்னால். சாமி சிலையைக் கால் பட்டு உருட்டிவிட்டவள் மாதிரி பதறினாள்.

"மேடம், சத்தியமா எனக்குத் தெரியாது. நான் படிப்பறிவு இல்லாதவ. எனக்குப் புரியாததைப் போயி..."

"எனக்கும் புரியல."

இல்லாத லேஸை விட்டுவிட்டு இசக்கிராஜா நிமிர்ந்தான்.

"எழுதும்போதே இந்த இடத்துல எனக்குப் புரியல. ஆகவேன்னு ஒண்ணைப் போட்டுட்டுத் தாண்டிட்டேன். நெறியாளரும் தாண்டிட்டார். வாய்மொழித் தேர்வுல வந்தவங்களும் தாண்டிட்டாங்க." மேடம் வகுப்பு முழுவதையும் பார்த்தார். "கேக்க ஒரு ஆள் வரட்டும்னுதான் வருஷா வருஷம் இதை வகுப்புல குடுக்கேன். ஆனா யாராவது பாத்துருவாங்களோன்னு வியாழக்கிழமை விடியும்போதே வயித்தைக் கலக்கும். எல்லாரும் புரிஞ்சுது மேடம்னு சொல்லுவாங்க. நானும் தப்பிச்சோம்னு வீட்டுக்குப் போயிருவேன்."

உலகம்மாள் அவரைப் பார்த்தாள். அந்த முகத்தைத் திங்கட்கிழமையும் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அதற்குக் கோபம் என்று பெயர் வைத்தாள்.

மேடம் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவளைக் கைகாட்டினார். வைத்த விரலை எடுக்காமலே உலகம்மாள் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒரே தாளின் மேல் குனிந்தார்கள். மேடம் பென்சிலை எடுத்தார். பென்சில் முனை தாளில் படாமல் அலைந்தது. அந்தக் கையும் நடுங்கிக்கொண்டிருப்பதை உலகம்மாள் அப்போதுதான் கண்டாள்.

அவருக்கு இடம் விடலாம் என்று மெல்ல விரலை உயர்த்தினாள்.

"விரலை எடுத்துராதீங்கக்கா" என்றார் ஜெனிட்டா மேடம்.